கம்பம் பள்ளத்தாக்கின் பகிர்வுகளை யார் படிக்கலாம்?

2021 அக்டோபரின் கடைசி வாரம். முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அணையைக் கைவிட வேண்டும் என்ற கோரிக்கை கேரளச் சமூக ஊடகங்களில் ஹேஷ்டேக்காக ஓடியது. நடிகர் பிருத்விராஜ் அதை ஆதரித்துப் பதிவு போட்டார். ஓரிரு நாளில் தேனியில் அவருடைய உருவபொம்மை எரிக்கப்பட்டது. அணைக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை, பீதி கிளப்புவோர்மீது சட்டம் பாயும் என்று கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது. 2024இலும் இதே கதைதான். ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் நிலச்சரிவு, ஆகஸ்டில் துங்கபத்திரை அணையின் மதகு ஒன்று சங்கிலி அறுந்து போனது. உடனே பெரியாறு உடையப் போகிறது என்ற வீடியோக்கள் மறுபடியும் சுற்றத் தொடங்கின.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இது வெறும் வதந்தி விவகாரம் அல்ல. 1895இல் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீரில்தான் இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அணையின் மட்டம் எத்தனை அடி என்பது இங்கே அன்றாடச் செய்தி. இன்னொரு பக்கம், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை கொதித்தபோது இடுக்கியில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள், குடும்பம் குடும்பமாக மலையிறங்கினார்கள். கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மக்கள் குமுளியை நோக்கித் திரண்டார்கள். அப்போது எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் கிடையாது.

இப்போது இருக்கிறது. அப்படியானால் 2021இலும் 2024இலும் போன் வழியாக வந்தவை அந்த ஜீப்புகளில் ஏறியவர்களை என்ன செய்தன? பயம் மலையாளத்தில் பிறந்து தமிழுக்கு இறங்கியதா, இரண்டு மொழிகளிலும் தனித்தனியாகக் கிளம்பியதா? சுற்றிய வீடியோக்களில் எத்தனை பழையவை, எத்தனை வேறு நாட்டு அணைகளுடையவை? எச்சரிக்கை கொடுத்த பிறகு அடங்கியதா, குழுக்களுக்குள் ஒளிந்துகொண்டதா? உத்தமபாளையத்திலோ போடியிலோ ஒரு கல்லூரி ஆசிரியர் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு ஆய்வில் இறங்கினால் அவருக்குத் தரவு கிடைக்கும் நேரான வழி எதுவும் இல்லை. இதே தகவல்களில் ஒரு பகுதியைச் சமூக ஊடக நிறுவனங்கள் பார்க்கின்றன. விளம்பரதாரர்கள் அதன் சாற்றை விலைக்கு வாங்குகிறார்கள். கட்சிகளின் ஐடி அணிகள் ஊர்க் குழுக்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. பொதுமக்களுக்காகப் படித்து, முறையை வெளியில் சொல்லி, தவறினால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆய்வாளர்தான் வாசலுக்கு வெளியே நிற்கிறார். தரவைப் பூட்டி வைத்ததால் மக்களின் அந்தரங்கம் காக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் கதவு மூடியதற்குக் காரணம் உண்டு, அது சாதாரணக் காரணமும் அல்ல. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் ஆறரை லட்சம் பேர் இணையத்தில் தேடிய சொற்களை ஆய்வாளர்களுக்கு உதவட்டும் என்று வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்கள். சில நாளிலேயே ஒரு செய்தித்தாள், தேடல் சொற்களைக் கோர்த்து ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது. 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கல்லூரியின் ஏறக்குறைய 1,700 மாணவர்களின் பேஸ்புக் விவரங்களைக் கல்லூரிப் பெயர் சொல்லாமல் வெளியிட்டார்கள். அது எந்தக் கல்லூரி என்று வெகு சீக்கிரம் தெரிந்துபோய், தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணன், விட்டலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து 2009இல் இன்னும் ஆழமாகப் போனார். பெயர், ஊர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார் என்ற வலையை மட்டும் கொடுத்தாலும், ட்விட்டரிலும் பிளிக்கரிலும் கணக்கு வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். நட்பு வலையின் வடிவமே கைரேகை மாதிரி வேலை செய்கிறது.

இதற்குப் பிறகு வந்ததுதான் கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா. ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் செய்த ஆளுமைத் தேர்வுச் செயலி, அதை நிறுவியவர்களின் நண்பர்களுடைய விவரங்களையும் சேர்த்து அள்ளியது. 2018 ஏப்ரலில் பேஸ்புக் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர், பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். ஒப்புதல் கொடுத்தவர் ஒருவர், போனது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுடையது என்ற அந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றிப் பேசும்போது அது மறுபடி வரும்.

இந்த வெளிநாட்டுச் சம்பவங்களைவிடப் பள்ளத்தாக்கின் நிலைமை இன்னும் கூர்மையானது என்பது என் கருத்து. 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899. கம்பம் நகராட்சியில் ஏறக்குறைய 68,000 பேர். இதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு தெருக் குழுவில் வரக்கூடிய செய்தி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள்: "மேட்டுத் தெரு பால்கார அண்ணன் மக நேத்து ஜீப்புல வரும்போது மெட்டுல மயங்கி விழுந்துருச்சாம், ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க." இதில் பெயர் இல்லை. போன் எண் இல்லை. முகவரி இல்லை. பெயர்களைத் தேடி அழிக்கும் மென்பொருள் இதைத் தொடாமல் கடந்துபோகும். அந்தத் தெருவில் இதைப் படிக்கும் எவருக்கும் யார் என்று தெரியும். உறவுமுறையும் தொழிலும் தெருவும் சேர்ந்தால் ஆள் கிடைத்துவிடும். தமிழ் ஊர்களில் மனிதர்களைச் சுட்டுவதே பெரும்பாலும் இப்படித்தான்.

குரல் பதிவுகள் இன்னும் சிக்கல். எழுதுவதைவிடப் பேசி அனுப்புவது எளிது என்று நினைப்பவர்கள் தோட்ட வேலைக்குப் போவோரில் நிறையப் பேர். குரலே அடையாளம் என்பது ஒருபுறம். கம்பம், உத்தமபாளையம் பகுதிகளில் கன்னடத்தையும் தெலுங்கையும் வீட்டுமொழியாகப் பேசும் சமூகங்கள் இருக்கின்றன. பேச்சில் கலந்து வரும் இரண்டு சொற்களே பேசியவரின் சாதியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்துக்குச் செய்த பெயர்நீக்கக் கருவிகள் இதற்குத் தயாராக இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் மனம்போனபடி எழுதும் வழக்கம் அவற்றை இன்னும் குழப்பும்.

அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டே ஆராய்வதற்கு அறிவியல் என்ன வைத்திருக்கிறது என்று பார்க்கலாம். பழைய, அழகான வழி ஒன்று 1965லேயே ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் முன்வைத்தது. அதன் எளிய வடிவத்தை நம் ஊர்க் கேள்வியோடு சொல்கிறேன். "அணை உடையப் போகிறது என்ற வீடியோவை உண்மையா என்று பார்க்காமல் அனுப்பினீர்களா?" என்று நேராகக் கேட்டால் யாரும் ஆமென்று சொல்ல மாட்டார்கள். வழக்குப் பாயும் என்ற பயம் வேறு. அதனால் ஒவ்வொருவரையும் மறைவாக நாணயம் சுண்டச் சொல்ல வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் "ஆம்" என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். 1,000 பேரில் 650 பேர் "ஆம்" என்றால், அதில் ஏறக்குறைய 500 பேர் நாணயம் சொல்ல வைத்தவர்கள். மீதி 500 பேரில் 150 பேர் உண்மையாகவே அனுப்பியவர்கள், அதாவது 30 சதவீதம். ஊரின் விடை கிடைத்துவிட்டது. தனி ஒருவர் சொன்ன "ஆம்" உண்மையா, நாணயத்தின் வேலையா என்று கேட்டவருக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது.

2006இல் சிந்தியா டுவொர்க்கும் அவருடைய சகாக்களும் இந்த எண்ணத்துக்கு முழுக் கணித வடிவம் கொடுத்தார்கள். அவர்களது முறையில் தரவிலிருந்து வரும் ஒவ்வொரு விடையிலும் அளந்து வைத்த அளவு குலுக்கல் எண்கள் கலக்கப்படும். ஒரு மனிதர் அந்தத் தரவில் இருக்கிறாரா இல்லையா என்பதால் விடை கண்டுகொள்ளும்படி மாறாது என்பதற்குக் கணித உத்தரவாதம் உண்டு. உலகில் இதைச் சமூக ஊடகத் தரவில் பெரிய அளவில் பயன்படுத்தியது சோஷியல் சயன்ஸ் ஒன் என்ற முயற்சி. கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா வெடித்த அடுத்த மாதம், 2018 ஏப்ரலில், ஹார்வர்டின் கேரி கிங்கும் ஸ்டான்போர்டின் நதேனியல் பெர்சிலியும் பேஸ்புக்கோடு ஒப்பந்தம் செய்து அதைத் தொடங்கினார்கள். மக்கள் பகிர்ந்த ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம் இணைய முகவரிகள் பற்றிய எண்ணிக்கைகள் 2020 பிப்ரவரியில்தான் ஆய்வாளர்களின் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டு இன்னொரு அடி விழுந்தது. அமெரிக்கப் பயனர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தத் தரவில் விடுபட்டிருப்பதை 2021 செப்டம்பரில் பேஸ்புக் ஒப்புக்கொண்டது. அதை நம்பி எழுதிய ஆய்வுகள் அந்தரத்தில் நின்றன. கணிதம் சரியாக இருந்தும், மூலத்தைச் சரிபார்க்க வெளியார் எவருக்கும் வழியில்லாததால் வந்த வினை இது.

குலுக்கல் எண் முறைக்குச் சின்ன ஊர்களோடு ஒரு தீராத பிணக்கும் உண்டு. கலக்கும் எண்ணின் அளவு ஊரைப் பொறுத்து மாறாது. ஒரு வீடியோவைச் சென்னையில் 50,000 பேர் பகிர்ந்தார்கள், அதன்மேல் கூட்டல் கழித்தல் 20 கலந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. லோயர் கேம்ப்பில் 12 பேர் பகிர்ந்திருந்தால் அதே 20 அந்த ஊரையே விழுங்கிவிடும். விடை மைனஸ் 8 என்றும் வரலாம், 32 என்றும் வரலாம். மெட்டா நிறுவனத்தின் கண்டென்ட் லைப்ரரியிலும் இதே வகைச் சாய்வு தெரிகிறது. 2023இல் வந்த அந்த ஏற்பாட்டில் பல நாட்டு ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம். தரவைப் பார்க்கலாம், கணக்குப் போடலாம், தடையின்றி வெளியே எடுத்துச் செல்ல முடியாது. நல்ல முறைதான். ஆனால் தனிநபர் கணக்குகளில், பொதுவாகக் குறைந்தது 1,000 பேராவது பின்தொடரும் கணக்குகளே அதில் இடம்பெறும். பிரபலத்தின் பதிவு கிடைக்கும், தோட்டத் தொழிலாளியின் பதிவு கிடைக்காது. தனிமனிதருக்கு அது காப்பு என்பது உண்மை. கூடவே, பள்ளத்தாக்கைப் பற்றிய ஆய்வு அதைப் பற்றிப் பேசும் பெரிய மனிதர்களைப் பற்றிய ஆய்வாகச் சுருங்கிவிடுகிறது.

மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. மாதம் ஒரு கோடி ட்வீட் வரை ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தந்த ட்விட்டர், 2021 ஜனவரியில் திறந்த அந்த வழியை 2023இல் மூடிவிட்டது. செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் நம்பியிருந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட் 14ஆம் தேதி நிறுத்தியது. டிக்டாக் 2020 ஜூன் 29ஆம் தேதி தடையானபோது, தமிழ்நாட்டுக் கிராமங்கள் தங்களைத் தாங்களே படம்பிடித்துப் போட்டுவைத்த பெரும் பதிவு நம் கண்ணிலிருந்தே போயிற்று.

திறந்திருந்த கதவு ஆய்வின் திசையையே தீர்மானித்துவிடும் என்பதற்குத் தமிழே சாட்சி. பாரதிராஜா சக்ரவர்த்தியும் அவருடைய குழுவினரும் 2020இல் வெளியிட்ட தமிழ் ஆங்கிலக் கலப்புத் தரவில் 15,744 கருத்துகள் இருந்தன. பிறகு அது 44,000 வரை வளர்ந்தது. கணினித் தமிழுக்கு அது பெரிய கொடை. அத்தனையும் யூடியூப் கருத்துகள், பெரும்பாலும் சினிமா டிரெய்லர்களின் கீழே எழுதப்பட்டவை. அங்கேதான் எடுக்க முடிந்தது. அதனால் தமிழில் வசவைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற கருவிகள் ரசிகர் சண்டையை நன்றாக அறிந்திருக்கின்றன. எல்லைத் தகராறின் மொழியோ தோட்டத்து வசவோ அவற்றுக்குப் புதிது. டாட்டில் அமைப்பினரும் பெங்களூரின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டியும் செய்த ஊலி என்ற கருவி வேறு வழியில் போனது. இந்தி, தமிழ், இந்திய ஆங்கிலம் மூன்றிலும் பெண்களையும் பால்புதுமையினரையும் குறிவைக்கும் பதிவுகளை, அந்தத் தாக்குதலை அனுபவித்தவர்களே படித்து வகைப்படுத்தினார்கள். தரவு யாருடைய கண்ணால் படிக்கப்படுகிறது என்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதை நம் மொழியில் காட்டிய வேலை அது.

வாட்ஸ்அப் தனி உலகம். 2016 ஏப்ரல் முதல் அனைத்துச் செய்திகளும் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால் நிறுவனமே உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. 2018 மே மாதம் குழந்தை கடத்தல் வதந்தியால் போளூர் அருகே ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நாடெங்கும் நடந்த இத்தகைய கொலைகளுக்குப் பிறகுதான், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. பொய்ச் செய்தி பற்றி ஆராய 20 குழுக்களுக்குப் பத்து லட்சம் டாலர் நிதியும் அறிவித்தது. பணம் உண்டு, தரவு கிடையாது என்பது நிபந்தனை.

அதனால் ஆய்வாளர்கள் தாங்களே வழி தேடினார்கள். கிரண் கரிமெல்லாவும் டீன் எக்கில்ஸும் 2019 தேர்தலை ஒட்டி, இணைப்பு வெளியில் கிடந்த அரசியல் குழுக்களில் சேர்ந்து படித்தார்கள். அவற்றில் சுற்றிய படங்களில் ஏறக்குறைய 13 சதவீதம் ஏற்கெனவே பொய்யென்று நிறுவப்பட்டவை என்று கண்டார்கள். பயனுள்ள முடிவு. ஆனாலும் குழுவில் பேசியவர்களுக்குத் தாங்கள் ஆராயப்படுவது தெரியுமா என்ற உறுத்தல் இந்த வகை ஆய்வு எதிலும் இருக்கிறது. பிறகு கரிமெல்லாவும் சைமன் ஷோஷாரும் தரவுக் கொடை முறைக்கு வந்தார்கள். ஆய்வு உதவியாளர் நேரில் போய் விளக்குகிறார். விருப்பமுள்ளவர் தன் போனில் உள்ள குழுக்களில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தேர்வு செய்கிறார். பெயர்களும் எண்களும் நீக்கப்படுகின்றன, முகங்கள் மங்கலாக்கப்படுகின்றன. உத்தரப் பிரதேசத்தில் ஏறக்குறைய 500 பேர் இப்படிக் கொடுத்ததிலிருந்து, பலமுறை பகிரப்பட்ட 1,858 செய்திகளை எடுத்துப் பார்த்தபோது செயற்கை நுண்ணறிவால் உருவானவை இரண்டு டஜனுக்கும் குறைவு என்று 2024இல் எழுதினார்கள். எங்கும் ஏஐ பொய்கள் வெள்ளமாக ஓடுகின்றன என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த முடிவு அது. உள்ளே போய்ப் பார்க்காமல் அது தெரிந்திருக்காது.

இங்கேதான் 335 பேரும் 5,62,455 பேரும் மறுபடி வருகிறார்கள். ஒருவர் தன் குழுவைக் கொடுக்கும்போது அதில் இருக்கும் மற்ற இருநூறு பேரின் பேச்சும் சேர்ந்து போகிறதே? எனக்குச் சரியெனப் படும் விடை வாட்ஸ்அப்பின் இரட்டை அம்புக்குறியில் இருக்கிறது. குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்திக்குத்தான் அந்தக் குறி விழும். அத்தனை கை மாறியது ஒரு குடும்பத்தின் சொந்தப் பேச்சாக இருப்பது அபூர்வம். பால்கார அண்ணன் மகளைப் பற்றிய செய்தியில் அந்தக் குறி இருக்காது. அணை உடையும் வீடியோவில் இருக்கும். பள்ளத்தாக்கின் ஆய்வுக்கு வேண்டியது இரண்டாவதுதான். இரட்டை அம்புக்குறி இல்லாத எதுவும் கொடுப்பவரின் போனைவிட்டு வெளியேறாதபடி கருவியைச் செய்தால், ஒப்புதல் கொடுக்காத இருநூறு பேரின் பேச்சில் பெரும்பகுதி தொடப்படாமலேயே இருக்கும். நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய போர்ட் என்ற மென்பொருள் வடிகட்டலை இப்படித்தான் பங்கேற்பவரின் சொந்தக் கருவியிலேயே செய்கிறது. எது போகப் போகிறது என்பதை அவர் பார்த்துச் சரி என்ற பிறகே அது போகும்.

அரிக்கொம்பன் என்ற காட்டு யானையின் விவகாரத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2023 மே 27ஆம் தேதி அந்த யானை கம்பம் நகருக்குள் புகுந்தது. ஊரில் 144 தடை உத்தரவு. யானையைத் தேடி ட்ரோன் பறக்கவிட்ட யூடியூபர் ஒருவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. ஜூன் 5ஆம் தேதி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். அதன் கழுத்துப் பட்டையிலிருந்து வரும் இடக்குறிப்பை வனத்துறை தொடர்ந்து பார்த்தது. பொதுமக்களுக்கு யானை நலம், நன்றாக மேய்கிறது என்ற அளவில் படமும் செய்தியும் வந்தன. நுண்ணிய விவரம் பொறுப்புள்ள சிலரிடம், விடை எல்லோருக்கும் என்ற இந்தப் பிரிவைத்தான் மனிதர்களின் தரவுக்கும் கேட்கிறேன்.

இலங்கையில் இது நடந்திருக்கிறது. கொழும்பின் லேர்ன்ஏஷியா நிறுவனம் கைப்பேசி நிறுவனங்களிடமிருந்து எண்கள் மறைக்கப்பட்ட அழைப்புப் பதிவுகளைப் பெற்று, மக்கள் வேலைக்குப் போய்வரும் பாதைகளையும் டெங்கு பரவும் வழிகளையும் ஆராய்ந்தது. கொரோனா காலத்தில் பேஸ்புக்கும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் இந்தியா உள்படப் பல நாடுகளில் நடத்திய கருத்தாய்வில் இன்னொரு ஏற்பாடு இருந்தது. அழைப்பை பேஸ்புக் அனுப்பும், விடை பல்கலைக்கழகத்துக்குப் போகும். யார் என்பது ஒருவருக்குத் தெரியும், என்ன சொன்னார் என்பது மற்றவருக்குத் தெரியும், இரண்டும் ஒரே கையில் சேராது. நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நுண்தரவு மாதிரிகளை ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தனிப் பணிநிலையங்களில் வைத்து, ஆய்வாளர் அங்கே வந்து கணக்குப் போடும்படி செய்திருக்கிறார்கள். எச்ஐவி கண்காணிப்பில் 1998 முதல் ரத்த மாதிரியை ஆளோடு இணைக்காமல் பரிசோதிக்கும் முறை இருந்தது. அந்தரங்கமும் ஆய்வும் சேர்ந்து நடப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது? ஐரோப்பா தன் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவில், தகுதி சரிபார்க்கப்பட்ட ஆய்வாளருக்குத் தரவு தரும் கடமையைப் பெருந்தளங்கள்மீது சுமத்திவிட்டது. 2025 அக்டோபர் 29 முதல் பொதுவெளியில் இல்லாத தரவையும் கேட்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் எக்ஸ் தளத்துக்கு விதித்த 12 கோடி யூரோ அபராதத்துக்கு, ஆய்வாளர்களுக்கு வழிவிடாததும் ஒரு காரணம். ஆனால் அந்த உரிமை ஐரோப்பாவுக்கு வரும் ஆபத்துகளை ஆராய்வதற்கானது. முல்லைப் பெரியாறு அதில் வராது.

இந்தியாவில் 2017இல் புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. 17ஆம் பிரிவு ஆய்வுக்கு விலக்கு தருகிறது. தரவைக் கொண்டு குறிப்பிட்ட எந்த மனிதரைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது, விதிகளின் இரண்டாம் அட்டவணை சொல்லும் தரங்களைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். தரவு கையில் இருக்கும் ஆய்வாளரை இது காக்கும். தரவே இல்லாதவருக்கு அதைத் தரும்படி எந்த நிறுவனத்தையும் இது கட்டாயப்படுத்தாது.

எனக்கு இன்னும் கவலை தருவது அந்த "குறிப்பிட்ட மனிதர்" என்ற எல்லை. இடுக்கியின் உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் தொகுதிகளில் தேர்தல்தோறும் ஒரு புகார் எழும். தமிழ்த் தொழிலாளர்கள் இரண்டு மாநிலங்களிலும் ஓட்டு வைத்திருக்கிறார்கள் என்பது அது. மெட்டுகளில் ஜீப்புகளை நிறுத்திப் பார்ப்பார்கள். இப்போது ஓர் ஆய்வாளர் நல்லெண்ணத்தோடு, பெயரே இல்லாத இடக்குறிப்புத் தரவைக் கொண்டு, இன்ன தெருவிலிருந்து இன்ன தோட்டத்துக்கு இத்தனை பேர் போகிறார்கள் என்று வரைபடம் வெளியிடுகிறார் என்று வையுங்கள். எந்தத் தனிமனிதரும் அடையாளம் காணப்படவில்லை. சட்டம் மீறப்படவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் எந்த ஜீப்பை நிறுத்தலாம் என்பது வரைபடத்தில் இருக்கிறது. தீங்கு குழுவுக்கு வருகிறது, காப்பு தனிமனிதருக்கு மட்டும் இருக்கிறது. குலுக்கல் எண் கணிதமும் இதைத் தடுக்காது. அது ஒருவர் இருக்கிறாரா என்பதை மறைக்கும், ஊர் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். அது அதற்காகவே செய்யப்பட்டது. 1989இல் போடியில் நடந்த சாதிக் கலவரத்தை அறிந்த எவருக்கும், தெருவாரியாகவோ சாதிவாரியாகவோ வெறுப்புப் பேச்சை எண்ணி வெளியிடுவது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கருவிகளுக்கு மேலே மனிதர்கள் அடங்கிய ஒரு தடுப்பு வேண்டும். மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு அறை ஒன்றை அமைக்கலாம். கணக்கெடுப்பின் பணிநிலையம் போலத்தான் அது இருக்கும். பள்ளத்தாக்கின் கல்லூரி ஆசிரியர் பஸ் ஏறி வந்து வேலை செய்யக்கூடிய தூரம். தளங்களின் பொதுப் பதிவுகளும் மக்கள் கொடுத்த இரட்டை அம்புக்குறிச் செய்திகளும் அங்கே இருக்கும், வெளியே போகாது. குரல் பதிவுகள் எழுத்தாக மாறிய பிறகே ஆய்வாளரின் திரைக்கு வரும். வெளியே போகும் ஒவ்வோர் அட்டவணையையும் படத்தையும் ஒரு சிறு குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். அதில் புள்ளியியல் தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் இருக்கட்டும். தோட்டத் தொழிலாளர்களின் பக்கமிருந்து ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். "மேட்டுத் தெரு" என்ற சொல் எதைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். காவல் துறையோ தேர்தல் துறையோ கட்சியோ கேட்டால் தரவு கிடையாது என்பது அறையின் எழுத்துபூர்வமான விதியாக வேண்டும். அதற்குச் சட்டத்தின் பின்பலமும் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கடிதத்தில் விதி தளர்ந்துவிடும்.

முடிவுகள் ஆங்கில ஆய்விதழுக்குப் போகும் முன்பே கூடலூரிலும் கம்பத்திலும், மலையாளத்தில் குமுளியிலும் வண்டன்மேட்டிலும் வாசிக்கப்பட வேண்டும். தரவு கொடுத்தவர்கள் அங்கே "இதைப் போடாதீர்கள்" என்றால் காரணம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான சமயம் அவர்கள் சொல்வதைக் கேட்கவும் வேண்டும்.

புதிய சட்டத்தின் முக்கியக் கடமைகள், விதிகள் வந்த 18 மாதங்களுக்குப் பிறகு, 2027 மே மாதத்தில் முழுமையாக நடைமுறைக்கு வரும். ஐரோப்பாவின் 40ஆம் பிரிவு போன்ற ஒன்றை நாடாளுமன்றத்திடம் கேட்கவும், அதில் குழுக்களுக்கான காப்பைச் சேர்க்கச் சொல்லவும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இதுவே சரியான சமயம். அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கக்கூடியது தரவுக் கொடை. அதற்கு எந்த நிறுவனத்தின் தயவும் தேவையில்லை. ஒரு கல்லூரியின் நெறிமுறைக் குழு, தமிழும் மலையாளமும் தெரிந்த சில மாணவர்கள், நேரில் போய்ப் பொறுமையாக விளக்கும் மனம் இவை போதும். வடகிழக்குப் பருவமழையில் அணை மட்டம் 136 அடியைத் தாண்டும் நாளில் போன்களுக்கு வரத் தொடங்கும் வீடியோக்களிலிருந்தே அந்த வேலையை ஆரம்பிக்கலாம்.